ஜப்பானிய மொழி வகுப்பில் சேரப்போகும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

ஐடிஐ முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஓட்டுகிறவர்கள், டிப்ளமோ கையோடு பூந்தமல்லியில் கம்பெனி பஸ் ஏறி இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் போய்வருகிறவர்கள், ஆவடிப் பக்கம் நர்சிங் முடித்துவிட்டு மேலே என்ன செய்வது என்று யோசிக்கிற தங்கைகள் என்று உங்களில் பலர் ஜப்பானிய மொழி படிக்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்லிவந்ததை ஒரே மடலில் எழுதிவிடுகிறேன். தொழிற்சாலைத் தளத்தில் ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் நின்று இரண்டு மொழியிலும் பேசுவதுதான் என் பிழைப்பு. வகுப்பில் சேருவதற்கு முன்பே இதை யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று, படித்து முடித்தவர்கள் பிற்பாடு ஆதங்கப்படும் விஷயங்கள் சில உண்டு. உங்களுக்கு அந்த ஆதங்கம் வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானதை முதலில் சொல்கிறேன். ஜப்பானிய மொழியை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். தமிழ் வழியாகப் படியுங்கள்.

நம் ஊரில் வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. பாடநூல் 'மின்னா நோ நிஹோங்கோ'. அதன் இலக்கண விளக்கம் ஆங்கிலத்தில். பிள்ளைகள் எடுக்கும் குறிப்பும் ஆங்கிலத்தில். "எனக்கு இங்கிலீஷே சரியா வராதுக்கா, ஜப்பானிஸ் எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டுப் பாதியில் நின்றுவிட்ட நல்ல பிள்ளைகளை எனக்குத் தெரியும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம், ஜப்பானிய மொழிக்கு 88 வாரம், அதாவது 2,200 மணி நேர வகுப்பு வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறது. உலகத்திலேயே கடினமான மொழிகளில் ஒன்று என்று எல்லோரும் எடுத்துக்காட்டுவது இந்தக் கணக்கைத்தான். அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்ட கணக்கு. அவர்களுக்கு வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போடவே வருடம் போய்விடும். உங்களுக்கு அந்த வேலை இல்லை.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "போயிட்டு வரேன்." ஜப்பானியர் சொல்வது "இத்தெ கிமாஸ்." இத்தெ என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். வீட்டில் இருப்பவர் "இத்தெ ரஷ்ஷாய்" என்று வழியனுப்புகிறார், அதாவது "போயிட்டு வாங்க." இதை ஆங்கிலத்தில் விளக்கப் புகுந்தால் ஒரு பத்தி எழுத வேண்டும். தமிழில் விளக்கமே வேண்டாம்.

இது ஏதோ ஒரு சொற்றொடரில் வந்து வாய்த்த ஒற்றுமை என்று நினைக்காதீர்கள். 'மின்னா நோ நிஹோங்கோ'வின் 14ஆம் பாடத்தில் 'தெ' வடிவம் வரும். வகுப்பில் பாதிப் பேர் திணறத் தொடங்குவது அங்கேதான். அது நம் வினையெச்சம். சாப்பிட்டு, வாங்கி, எழுதி என்று நாம் நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற அதே வடிவம். அதன் பின்னால் எந்த வினை வந்து ஒட்டுகிறது என்று பாருங்கள். 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். மிரு என்பதற்குத் தனியாகவும் பார் என்றுதான் பொருள். 'தபெதெ ஷிமாவ்' என்றால் சாப்பிட்டுவிடு. 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. ஒகு என்பதற்குப் பொருள் வை. 'கத்தெ குரு' வாங்கி வா. பார், விடு, வை, வா என்று நம் துணைவினைகள் என்ன வேலை செய்கின்றனவோ அதையே அங்கேயும் செய்கின்றன. இவற்றை ஆங்கிலப் புத்தகம் தனித்தனி இலக்கண விதிகளாகப் பிரித்து, பாடத்துக்கு ஒன்றாக வைத்துச் சொல்லித்தரும். நீங்கள் நோட்டில் ஜப்பானிய வாக்கியத்துக்குக் கீழே நேரே தமிழில் எழுதிக்கொண்டால் விதியே தேவைப்படாது. 'தெ' வடிவத்தை எப்படி உண்டாக்குவது என்பதை மட்டும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். எப்போது, எதற்குப் பயன்படுத்துவது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

22ஆம் பாடத்தில் பெயரெச்சம். 'கினோ கத்தா ஹொன்' என்றால் நேற்று வாங்கின புத்தகம். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'தனகா தொ இயு ஹிதொ' என்றால் தனகா என்கிற ஆள். எனக்கு மாம்பழம் பிடிக்கும், எனக்கு கார் வேண்டும், எனக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று சொல்லும்போது மாம்பழத்துக்கும் காருக்கும் நாம் 'ஐ' உருபு போடுவதில்லை. ஜப்பானியரும் அந்த இடத்தில் செயப்படுபொருள் உருபான 'ஒ'வைப் போடாமல் 'கா' போடுவார்கள். ஆங்கிலத்தில் யோசிக்கிறவர் அங்கே 'ஒ' போட்டுப் பிழை செய்வார். தமிழில் யோசிக்கிறவருக்கு அந்தப் பிழை அவ்வளவாக வராது.

தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். லைன் நின்றது, லைனை நிறுத்தினேன் என்ற இரண்டும் ஒன்றல்ல என்று நமக்குத் தெரியும். உடைந்தது, உடைத்தேன் என்பதும் அப்படித்தான். ஜப்பானிய மொழியிலும் இதே போல் ஜோடி ஜோடியாக வினைகள் உண்டு. 'தொமாரிமாஷ்தா' என்றால் நின்றது, 'தொமேமாஷ்தா' என்றால் நிறுத்தினேன். 'கொவாரெமாஷ்தா' உடைந்தது, 'கொவாஷிமாஷ்தா' உடைத்தேன். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் பல சமயம் ஒரே சொல் போதும் என்பதால், ஆங்கிலம் வழி படித்தவர் தடுமாறி, தானாக நின்ற மெஷினைத் தான் நிறுத்தியதாகச் சொல்லிவிடுவார். ஒரு பழுது அறிக்கையில் அது பெரிய வித்தியாசம். 'மாதொ கா ஐதெ இரு' என்றால் ஜன்னல் திறந்திருக்கு. ஆங்கிலத்தில் படித்தவர் இதை ஜன்னல் திறந்துகொண்டிருக்கிறது என்று புரிந்துகொண்டு விழிப்பார். நீங்கள் அப்படி விழிக்க மாட்டீர்கள்.

24ஆம் பாடத்தில் 'குரெரு' வரும். எனக்கோ என்னைச் சேர்ந்தவர்களுக்கோ ஒருவர் தருவது குரெரு. நான் அடுத்தவருக்குக் கொடுப்பது 'அகெரு'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைதான். ஆனால் தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் பிரித்துவைத்திருக்கிறது. இன்றும் நம் வாயில் "எனக்குத் தா" என்றும் "அவனுக்குக் கொடு" என்றும்தான் இயல்பாக வருகிறது. அதேபோல் கொரெ, சொரெ, அரெ, தொரெ: இது, உது, அது, எது. கேட்பவர் பக்கத்தில் உள்ளதைச் சுட்டும் 'உது' நம் பேச்சில் போய்விட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழில் இன்னும் இருக்கிறது. வகுப்பில் இலங்கை நண்பர் யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள், 'சொரெ'வை அவர் ஒரே நிமிடத்தில் விளக்கிவிடுவார்.

இவ்வளவையும் கேட்டதும் ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து வந்தது என்று சொல்லும் வீடியோக்களுக்குள் போய்விடாதீர்கள். ஓனோ சுசுமு என்ற பெரிய ஜப்பானியமொழி அறிஞர் 1980களிலிருந்து தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று எழுதிவந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொற்கோ போன்றவர்களுடன் சேர்ந்து வேலை செய்தார். நம் பொங்கலையும் ஜப்பானின் பழைய தைமாதச் சடங்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தமிழ் மீது அவர் வைத்த அன்புக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அவருடைய முடிவை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும் உருபுகள் பின்னால் ஒட்டுவதும் கொரிய மொழியிலும் மங்கோலிய மொழியிலும் துருக்கிய மொழியிலும் இருக்கின்றன. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமைப்பு ஒத்துப்போகிறது. படிக்கிறவருக்கு அது போதும்.

இனி எழுத்து. ஹிரகானா 46, கதகானா 46. முதல் மாதத்துக்குள் இரண்டையும் முடித்துவிடுங்கள். அகரவரிசை உங்களுக்குப் புதிதாகவே இருக்காது: உயிர் அ, இ, உ, எ, ஒ, அதன்பின் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹ வரிசை பழங்காலத்தில் ப வரிசையாக ஒலித்தது. இப்போது நம் வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய்ச் சேர்ந்த 'சித்தம்' என்ற இந்திய எழுத்துமுறைப் படிப்பின் தாக்கத்தால் அமைந்த வரிசை அது. ஒன்றாம் வகுப்பில் சொன்ன அதே ராகத்தில் சொல்லிப் பாருங்கள், மனதில் நின்றுவிடும். ஹிரகானாவை முடித்துவிட்டுக் கதகானாவை அலட்சியம் செய்வது நம் பிள்ளைகளின் வழக்கம். அது கூடாது. போல்ட், நட், பெல்ட், பேரிங் எல்லாம் வரைபடத்தில் கதகானாவில்தான் இருக்கும். தொழிற்சாலைக்கு முதலில் தேவைப்படும் எழுத்து அதுதான்.

ஜப்பானியச் சொல்லுக்கு மேலே உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைக்கும் பழக்கத்தை இரண்டாவது வாரத்தோடு விட்டுவிடுங்கள். பொருளைத் தமிழில் எழுதுங்கள், ஒலியை எழுதாதீர்கள். இந்த மடலில் நான் தமிழில் எழுதியிருக்கிறேன், வேறு வழியில்லாமல். நம் எழுத்தில் ஒரே 'க'தான் இரண்டு ஒலிக்கும், 'த'வும் அப்படியே. ஜப்பானிய மொழியில் அவை வேறு வேறு எழுத்து, வேறு வேறு பொருள். பல்கலைக்கழகம் என்று சொல்லவேண்டிய இடத்தில் முதல் எழுத்தை வல்லொலியாக அழுத்திவிட்டால், படிப்பை விட்டு நிற்பது என்று ஆகிவிடும். மின்சாரத்துக்கான சொல்லும் வானிலைக்கான சொல்லும் அந்த ஒரே ஓர் ஒலியில்தான் வேறுபடுகின்றன.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கலும் நமக்கு உண்டு. தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தானாகவே மென்மையாகிவிடும்: தங்கம், பந்து, கம்பி. யாரும் சொல்லித்தராமலே நம் நாக்கு அப்படிப் போகும். ஜப்பானிய மொழியில் அப்படிப் போகக்கூடாது. எளிது என்பதற்கான 'கன்தன்', வங்கி என்பதற்கான 'கின்கோ', நலமா என்று கேட்கும் 'கென்கி' ஆகியவற்றில் னகரத்துக்குப் பின் வரும் எழுத்து வல்லொலியாகவே நிற்க வேண்டும். நாம் 'பந்து' என்பதுபோல் 'கந்தன்' என்று சொல்லிவிடுவோம். ஆங்கிலவழிப் பாடநூல் எதிலும் இந்த எச்சரிக்கை இருக்காது, ஏனென்றால் ஆங்கிலம் பேசுபவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஒலிப்பதிவை ஓடவிட்டு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கூடச் சேர்ந்து சத்தமாகச் சொல்லிப் பழகுவதுதான் மருந்து. குடும்பம் என்பதற்கான 'கசொகு'வில் உள்ள இசட் ஒலியை 'ஜ' ஆக்குவதும் நம் பழக்கம்; அதையும் அப்போதே திருத்திக்கொள்ளலாம்.

குறில் நெடிலில் உங்களுக்குக் கவலை வேண்டாம். 'ஒபசான்' அத்தை, 'ஒபாசான்' பாட்டி; இந்த வேறுபாட்டைக் காதில் வாங்க ஆங்கிலம் பேசுபவர் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்க வேண்டும். நமக்குப் படி, பாடி என்று சிறுவயது முதலே வேறு வேறு. இரட்டிக்கும் ஒற்றும் அப்படியே: 'கிதெ குதசாய்' என்றால் வாருங்கள், 'கித்தெ குதசாய்' என்றால் வெட்டுங்கள். பிந்தையது மின்சாரத்தை அணையுங்கள் என்பதற்கும் வரும். மெஷின் பக்கத்தில் நிற்கும்போது இந்த இரட்டிப்பைக் காதில் வாங்காமல் விட்டால் ஆபத்து. ஒரே ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள். நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானிய மொழியில் அந்த ஒற்றுக்கும் னகரத்துக்கும் முழு மாத்திரை உண்டு. கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள்.

சீனாவிலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளுக்கு வருகிறேன். உண்மையான உழைப்பு இங்கேதான். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு 2010இல் வகுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே ஆறாம் வகுப்பு முடிவதற்குள் 1,026 எழுத்துகளைத்தான் கற்கிறார்கள். அமைப்பில் மிச்சப்படுத்திய நேரம் அத்தனையையும் இங்கே செலவழியுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? உங்கள் ஷாப் ஃப்ளோர் சுவரிலிருந்து. நம் பகுதிக்கும் ஜப்பானுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் தரப் பரிசு வாங்கியது; இந்திய நிறுவனம் ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. 2004இல் லூகாஸ் டிவிஎஸ்ஸும் வாங்கியது. சுதா யோஷிகாசு போன்ற ஜப்பானியப் பேராசிரியர்கள் இங்கே வந்து தளத்தில் நின்று கற்றுக்கொடுத்தார்கள். அதன் விளைவாக, ஜப்பானிய மொழி படிக்காத அப்பாக்களும் மாமாக்களும் கைசன், கன்பான், போகா யோகே, கெம்பா என்று இயல்பாகப் பேசினார்கள். இந்த எஸ்டேட்டில் நுழைந்தால் 5எஸ் பலகை இல்லாத பட்டறை குறைவு.

அந்தப் பலகையை இன்று பொறுமையாகப் பாருங்கள். செய்ரி, செய்தொன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகே. தேவையில்லாததை நீக்குதல், அதனதன் இடத்தில் வைத்தல், சுத்தம் செய்தல், அந்தச் சுத்தத்தை நிலைநிறுத்தல், ஒழுக்கம். முதல் நான்கும் 'செய்' என்றே தொடங்குகின்றன. ஆனால் ஜப்பானிய எழுத்தில் எழுதிப் பார்த்தால் முதல் இரண்டுக்கும் ஒரு செய், அடுத்த இரண்டுக்கும் வேறொரு செய். முதல் செய் ஒழுங்குபடுத்துவது; அந்த எழுத்தின் அடிப்பகுதியில் 'சரி' என்று பொருள்படும் சிறிய எழுத்து இருக்கும், அதன் ஒலியும் செய். இரண்டாவது செய் தூய்மை. இடப்பக்கம் மூன்று நீர்த்துளி, வலப்பக்கம் 'நீலம்' என்ற எழுத்து. அந்த நீலத்தின் சீனவழி ஒலியும் செய்தான். நீர்த்துளி பொருளைச் சொல்கிறது, நீலம் ஒலியைச் சொல்கிறது. இப்போது நீர்த்துளியை எடுத்துவிட்டுச் சூரியனை வையுங்கள்: வானம் தெளிந்திருத்தல், ஒலி செய். அரிசியை வையுங்கள்: தீட்டி நுட்பமாக்குதல், ஒலி செய். பேச்சை வையுங்கள்: வேண்டிக் கேட்டல், ஒலி செய். காஞ்சிகளில் பெரும்பங்கு இப்படிப் பொருளுக்கு ஒரு பாகம், ஒலிக்கு ஒரு பாகம் என்று சேர்ந்தவையே. இது தெரியாமல் ஒவ்வொன்றையும் தனிப் படமாக உருப்போடுகிறவர்கள் முன்னூறாவது எழுத்துக்குள் களைத்துவிடுகிறார்கள். கடைசி ஷித்சுகே இடப்பக்கம் உடல், வலப்பக்கம் அழகு. சீனாவிலிருந்து வராமல் ஜப்பானியர் தாமே உருவாக்கிய எழுத்து.

பெரும்பாலான காஞ்சிகளுக்குச் சீனவழி ஒலி ஒன்று, ஜப்பானியர் சொந்த ஒலி ஒன்று என்று குறைந்தது இரண்டு இருக்கும். அவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். சொல்லோடு சேர்த்தே படியுங்கள்; ஒலி தானாகத் தங்கும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் முதல் முன்னூறு எழுத்தையாவது கையால் எழுதுங்கள். தேர்வில் எழுதச் சொல்ல மாட்டார்கள் என்று சிலர் தடுப்பார்கள். கை எழுதாததைக் கண் சீக்கிரம் மறக்கும் என்பதே நான் கண்டது.

மரியாதை விஷயத்தில் ஒரு பாதி நமக்கு எளிது. "நீங்கள்" என்பதற்கு 'அனதா' என்று புத்தகம் சொல்லும். அதை மேலதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள். நாம் சார், அண்ணா, மேடம் என்று கூப்பிடுவது போலவே அவர்கள் பெயரோடு 'சான்' சேர்த்தோ, 'கச்சோ', 'புச்சோ' என்று பதவியைச் சொல்லியோ கூப்பிடுகிறார்கள். "சாப்பிட்டாச்சா?" என்று நாம் எழுவாய் இல்லாமல் கேட்பது போல் அவர்களும் கேட்பார்கள். மறு பாதி நமக்கு நேர் எதிர். வெளி நிறுவனத்திலிருந்து போன் வந்தால் நாம் "எங்க மேனேஜர் சார் வெளிய போயிருக்காங்க" என்போம். ஜப்பானில் அப்படிச் சொன்னால் தவறு. வெளியாளிடம் பேசும்போது நம் மேனேஜரும் நம் பக்கத்து ஆள். பெயரை 'சான்' இல்லாமல் சொல்லி, தாழ்மை வினையைப் போட வேண்டும். சொந்த அப்பாவுக்கு ஒரு சொல், அடுத்தவர் அப்பாவுக்கு வேறு சொல். வயதைப் பார்த்துப் பழகிய நமக்கு, உள்ளே யார், வெளியே யார் என்று பார்க்கப் பழக நாளாகும். 'கென்தோ ஷிமாஸ்' என்று அவர்கள் சொன்னால், நாம் "பார்க்கலாம்" என்று சொல்லும்போது என்ன நினைக்கிறோமோ அதுதான்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். என்5 தொடக்கம், என்1 உச்சம். சென்னையில் இதை நடத்துவது ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம். ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு. என்5இல் 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் 60க்கு 19 எடுக்காவிட்டால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தோல்வி. புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் விழுவது இந்த இடத்தில்தான். ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் பாட்டுக்குப் பதில் பாட ஒலிப்பதிவைக் கேட்டாலே இதற்குப் போதும். இந்தத் தேர்வில் பேச்சுக்கு இடமே இல்லை. என்3 சான்றிதழை வைத்துக்கொண்டு, வந்த விருந்தினரிடம் இரண்டு வாக்கியம் பேச முடியாமல் நிற்பவர்கள் உண்டு. முதல் நாளிலிருந்தே வாயைத் திறந்து பேசுங்கள், தப்பாக இருந்தாலும்.

வேலைக்காகப் படிப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2025 ஆகஸ்டில் இரு நாட்டுப் பிரதமர்களும் சந்தித்தபோது, ஐந்து ஆண்டுகளில் ஐந்து லட்சம் பேர் இரு பக்கமும் போய்வரவும், அதில் இந்தியாவிலிருந்து திறன்பெற்ற 50,000 பேர் ஜப்பான் போகவும் இலக்கு வைத்தார்கள். வாய்ப்பு மெய்யானது. 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த குறிப்பிட்ட திறன் விசாவுக்கு இந்தியாவோடு 2021 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. அதற்குப் பொதுவாக என்4 அல்லது ஜேஎஃப்டி-பேசிக் மொழித் தேர்வுத் தேர்ச்சியும், உங்கள் துறையின் திறன் தேர்வும் வேண்டும். அதன் முதல் வகையில் பொதுவாக ஐந்து வருடம்தான் இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. இதை மறைத்து ஆள் சேர்ப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஆறு மாதத்தில் வேலை என்ற பேச்சையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2009 வரை இருந்த பழைய தேர்வு முறையில், இன்றைய என்5க்கு நிகரான நிலைக்கு 150 மணி நேரப் படிப்பு, என்4க்கு நிகரானதற்கு 300 மணி நேரம் என்று தேர்வு நடத்தியவர்களே குறித்திருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து தினம் ஒரு மணி நேரம் படித்தால் 300 மணி நேரத்துக்குப் பத்து மாதம். அதற்குக் குறைவாக யார் சொன்னாலும், தினம் எத்தனை மணி நேர வகுப்பு என்று கேளுங்கள். முகவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு விதித்த வரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. லட்சங்களில் கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்று எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்துக்கு ரசீதுகூட இல்லாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் அரை மணி நேரம் மேல். நைட் ஷிஃப்ட் வாரத்தில் புதிய பாடம் வேண்டாம். பழைய காஞ்சிகளை எழுதிப் பார்த்தால் போதும். விலை கொடுத்து ஆப் வாங்க அவசரப்படாதீர்கள். ஜப்பான் ஃபவுண்டேஷனின் 'இரோதோரி' பாடநூலும் ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கே போய் வாழப்போகிறவருக்குத் தேவையான பேச்சு அதில் இருக்கிறது. கூடப் படிக்க ஒரு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். தனியாகப் படிப்பவர் சீக்கிரம் நின்றுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான் மேலே சொன்ன வினையெச்சமும் துணைவினையும் தருதல் கொடுத்தலும் உங்கள் வகுப்பில் யாரும் சொல்லித்தர வாய்ப்புக் குறைவு. உங்கள் நோட்டில் நீங்களே அவற்றைத் தமிழில் எழுதிச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்த நோட்டை என்4 முடித்ததும் பழைய பேப்பரில் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் திருமுல்லைவாயிலிலிருந்தோ திருவேற்காட்டிலிருந்தோ ஆங்கிலத்துக்குப் பயந்துகொண்டே வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். என்3 எட்டியவர்கள் வாரத்துக்கு ஒரு மாலை உட்கார்ந்து, நம் பகுதிப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லித்தாருங்கள். அப்படி வகுப்பு நடத்த யார் முன்வந்தாலும் நானும் வந்து பாடம் எடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா